கஞ்சமலைக் கல்லும் கரும்புச்சாறு கடை ஐஸும்

எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்காக, சேலம் கஞ்சமலையிலிருந்து நண்பன் கொண்டுவந்த கல்லில் இரும்பு எவ்வளவு என்று பார்க்க வேண்டியிருந்தது. மேக்னடைட் என்ற இரும்புத் தாது வகை. இடித்த தூளுக்கு மேலே காந்தத்தைக் காட்டினால் முள்முள்ளாக எழுந்து நிற்கும். டைட்ரேஷன்தானே, அளவு தெரிந்த கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு நிறம் மாறும் இடத்தைப் பார்ப்பதுதானே என்று அலட்சியமாக ஆரம்பித்தேன். மூன்று நாள் போச்சு.

105 டிகிரியில் காயவைத்த தூளில் 0.25 கிராம் நிறுத்து, அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டுச் சூடுபடுத்தினேன். கொதிக்கவிட்டால் ஃபெர்ரிக் குளோரைடு கொஞ்சம் ஆவியோடு போய்விடும் என்பதால் அடுப்பை விட்டு நகர முடியாது. கடைசியில் அடியில் வெள்ளையாகச் சிலிக்கா மட்டும் மிஞ்சியது. மேலே நல்ல மஞ்சள் கரைசல்.

இனிதான் வினை. டைட்ரேஷனில் விடும் டைகுரோமேட் கரைசல் கணக்கெடுப்பது ஃபெரஸ் (Fe²⁺) இரும்பை மட்டும்; மஞ்சள் கரைசலில் பெரும்பகுதி ஃபெர்ரிக் (Fe³⁺). அதனால் ஃபெர்ரிக்கை ஃபெரஸாக மாற்ற, சூட்டோடு ஸ்டானஸ் குளோரைடைச் சொட்டுச் சொட்டாக விட்டு, மஞ்சள் மறைந்ததும் இன்னும் ஓரிரு சொட்டோடு நிறுத்த வேண்டும். அப்புறம் ஆறவைத்து, மெர்குரிக் குளோரைடை ஒரே மூச்சில் ஊற்றினால், மிஞ்சிய ஸ்டானஸ் செலவாகிப் பட்டுநூல் மாதிரி லேசான வெள்ளை வீழ்படிவு வரும். எனக்கு வந்தது சாம்பல் நிறம். நாலைந்து சொட்டு கூடுதலாக விட்டிருந்தேன், பாதரசமே பிரிந்துவிட்டது. அதுவும் டைகுரோமேட்டைத் தின்னும், கணக்கு கெடும்.

மறுநாள் சொட்டை எண்ணித்தான் விட்டேன். அப்போதும் சாம்பல். லேப் அண்ணா எட்டிப் பார்த்தார்.

"எதுல ஆறவச்ச?"

"குழாய்த் தண்ணிலண்ணா."

"மே மாசத்துல மெட்ராஸ் குழாய்த் தண்ணில டீயே போடலாம்பா. போய் ஐஸ் வாங்கிட்டு வா."

வாசலில் இருந்த கரும்புச்சாறு கடையில் பத்து ரூபாய்க்கு ஐஸ் வாங்கி வந்தேன். ஃபிளாஸ்க் கைக்குச் சில்லென்று ஆனபிறகு ஊற்றினேன். பட்டு வெள்ளை! இதற்கா இரண்டு நாள் என்றிருந்தது.

அதன்பின் எல்லாம் சட்டென்று முடிந்தது. சல்ஃப்யூரிக், பாஸ்பாரிக் அமிலக் கலவை. முடிவை நிறமாற்றத்தால் காட்டும் இண்டிகேட்டராகப் பேரியம் டைஃபீனைலமின் சல்ஃபோனேட். பாஸ்பாரிக்கை விட்டுவிடாதீர்கள், அது ஃபெர்ரிக்கைப் பிடித்துக்கொள்வதால்தான் எண்ட் பாயிண்ட் தெளிவாக வரும். பச்சை மெல்லக் கறுத்து, ஒரே சொட்டில் ஊதாவானது. 0.1 நார்மல் டைகுரோமேட்டில் 16.2 மில்லி. மில்லிக்கு 5.585 மில்லிகிராம் இரும்பு என்றால் 36.2 சதவீதம். திரும்பச் செய்தபோது 16.1.

பாதரசக் கழிவைத் தொட்டியில் கொட்டக்கூடாது. சாம்பலான இரண்டும் சரியாக வந்த இரண்டும் ஒரே கழிவு பாட்டிலுக்குள் போயின. மீந்த ஐஸை லேப் அண்ணா தன் தண்ணீர் பாட்டிலுக்குள் போடப் போனார். அமில ஃபிளாஸ்க் உட்கார்ந்திருந்த ஐஸ் என்று கத்தித் தடுத்தேன்.