1969 டாப்ஸ் மாஸ்டர் செட்: எந்தக் கார்டு உள்ளே, எது வெளியே

அமெரிக்காவின் டாப்ஸ் நிறுவனம் 1969இல் வெளியிட்ட பேஸ்பால் வீரர் கார்டுகளின் செட்டுக்கு ரெஜிஸ்ட்ரிப் பட்டியல் (கார்டுகளைத் தரம் பார்க்கும் பிஎஸ்ஏ நிறுவனம், சேகரிப்பாளர்களின் செட்களுக்குப் புள்ளி போடும் பதிவேட்டுக்கான பட்டியல்) போடும் வேலை, ஒரே எண்ணில் இரண்டு விதமாக அச்சான கார்டுகள் வரை வந்துவிட்டது. அடிப்படைச் செட்டில் தகராறு எதுவும் இல்லை. 1 முதல் 664 வரை எண்ணுக்கு ஒரு கார்டு, எந்த வகையாக இருந்தாலும் அந்த இடம் நிரம்பிவிடும். மாஸ்டர் செட்தான் நேரம் தின்கிறது. அங்கே ஒவ்வொரு வேறுபாட்டுக்கும் தனி இடம் உண்டா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லியாக வேண்டும்.

அட்டவணையை முதலில் சீரிஸ் வாரியாகப் பிரித்தாயிற்று: 1–109, 110–218, 219–327, 328–425, 426–512, 513–588, 589–664. ஒவ்வொரு சீரிஸும் தனித்தனித் தாள்களில், தனித்தனிக் காலத்தில் அச்சானது. ஆகவே வேறுபாடுகளும் சீரிஸ் எல்லைக்குள்ளேயே கொத்துக் கொத்தாக வரும். ஒரு கார்டில் சந்தேகம் வந்தால் அதே சீரிஸின் மற்ற கார்டுகளோடு வைத்துப் பார்ப்பதுதான் முதல் சோதனை. அட்டவணையில் எண், வீரர், சீரிஸ், வேறுபாடு, அதை எப்படி அடையாளம் காண்பது, ஸ்லாபின் (தரம் பார்த்து, கிரேடு என்ற தரப்புள்ளி கொடுத்த கார்டை அடைத்து மூடிய பிளாஸ்டிக் உறையின்) லேபிளில் என்ன எழுதியிருக்கும், முடிவு என்று ஏழு பத்திகள் போதும். விலைக்கு வேண்டுமென்றே பத்தி வைக்கவில்லை. விலை கண்ணில் பட்டால் தீர்ப்பு சாய்ந்துவிடும்.

எளிதானவை முதலில் முடிந்தன. 208 டான் கிளெண்டினன் இரண்டு இடம் பெறுகிறார். 1969 ஜனவரியில் மான்ட்ரியல் எக்ஸ்போஸ் அவரை ஹூஸ்டனுக்கு மாற்றியது. அவர் போக மறுத்தார். கார்டு ஹூஸ்டன் என்று அச்சாகி, பிறகு எக்ஸ்போஸ் என்று திருத்தப்பட்டது. நிறுவனமே கைவைத்து மாற்றிய அச்சு என்பதால் கேள்விக்கு இடமில்லை. 151 கிளே டால்ரிம்பிளும் அப்படியே. பில்லீஸ் கார்டில் ஒரு படம், ஓரியோல்ஸ் கார்டில் வேறு படம்.

77 ரான் பெரனாஸ்கியும் 47 பால் போபோவிச்சும் சற்றுக் கடினம். இருவரும் அணி மாறியவர்கள். பழைய அணியின் சின்னத்தைத் தூரிகையால் மறைத்துப் புதுப் படமாக்கியிருக்கிறார்கள். பெரனாஸ்கியின் தொப்பியில் எல்ஏ எழுத்து தெரிவது ஒரு வகை, தெரியாதது மறு வகை. போபோவிச்சின் ஹெல்மெட்டில் சி எழுத்து அப்படித்தான். 10 மடங்கு லூப்பில் (உருப்பெருக்கிக் கண்ணாடியில்) பார்க்கும்போது, சின்னம் இருந்த இடத்தில் புள்ளிகளின் அமைப்பே மாறியிருந்தால் அது தனி வகை. புள்ளிகள் அதே அமைப்பில் இருந்து, மை மட்டும் அடர்ந்தோ வெளிறியோ இருந்தால் அது மைக் கோளாறு. அதற்கு இடம் கிடையாது. இருவருக்குமே எழுத்து தெரியும் வகை, தெரியாத வகை இரண்டும் பட்டியலில் இருக்கின்றன, ஆனால் இணையத்தில் விற்பனைக்கு வரும் மங்கலான படங்களைப் பார்த்து இவற்றைத் தீர்மானிக்கவே கூடாது.

இதற்கு நேர் எதிரான கார்டு 653 ஔரேலியோ ராட்ரிகஸ். படத்தில் இருப்பவர் அவரே இல்லை, அணியின் மட்டை எடுத்துக் கொடுக்கும் பையன். செட்டிலேயே மிகப் பிரபலமான பிழை. ஆனால் டாப்ஸ் அதைத் திருத்தி மறுபடி அச்சிடவில்லை. திருத்தம் இல்லையென்றால் இரண்டாவது கார்டு இல்லை, இரண்டாவது இடமும் இல்லை. பிழைக் கார்டு என்பதற்கும் வேறுபாட்டுக் கார்டு என்பதற்கும் உள்ள வித்தியாசத்தை இந்த ஒரு எண்ணை வைத்தே விளக்கிவிடலாம்.

99 ட்வின்ஸ் ரூக்கீஸ் எல்லைக்கோட்டில் நிற்கிறது. கிரேக் நெட்டில்ஸின் ரூக்கீ கார்டு (புதுமுகமாக வந்த முதல் கார்டு) என்பதால் ஆர்வமும் அதிகம். ட்வின்ஸ் என்ற சொல்லுக்கு மேலே சில பிரதிகளில் கறுப்பு வளையம் விழுந்திருக்கிறது. யாரும் திட்டமிட்டு மாற்றியதல்ல. ஆனாலும் வளையம் பிரதிக்குப் பிரதி அதே இடத்தில், அதே வடிவில் வருகிறது. ஒரு முறை சிந்திய மை அப்படி வராது. தகட்டிலோ படச்சுருளிலோ இருந்த தடம்தான் வரும். அதனால் உள்ளே. ஒரே ஒரு பிரதியில் மட்டும் காணும் கறை எவ்வளவு அழகாக இருந்தாலும் வெளியே.

இந்தச் செட்டின் உயிர் வெள்ளை எழுத்துக் கார்டுகளில்தான் இருக்கிறது. ஐந்தாவது சீரிஸில், 440க்கும் 511க்கும் இடையே, இருபதுக்கும் மேற்பட்ட கார்டுகளில் மஞ்சளாக இருக்க வேண்டிய பெயர் வெள்ளையில் வந்திருக்கிறது. 440 வில்லி மெக்கவி, 485 கேலார்ட் பெர்ரி, எல்லாவற்றுக்கும் மேலாக 500 மிக்கி மேன்டில். 1969 மார்ச்சில் அவர் ஓய்வை அறிவித்துவிட்டதால் ஆட்டக்காரராக டாப்ஸ் வெளியிட்ட கடைசி வழக்கமான கார்டு இது. மஞ்சள் மை அந்த எழுத்துகளில் மட்டும் விழாமல் காகிதத்தின் வெண்மை தெரிகிறது. மாஸ்டர் செட்டில் ஒவ்வொன்றுக்கும் தனி இடம்.

அடையாளம் காண்பதில் இரண்டு ஆபத்துகள். மஞ்சள் மை குறைவாக ஓடிய தாளில் எழுத்து வெளிறி வெள்ளை போலத் தோன்றும். அப்போது புல்லையும் முகத்தையும் பாருங்கள். புல் நீலம் பாய்ந்து, முகம் ரோஜா நிறமாக இருந்தால் கார்டு முழுக்கவே மஞ்சள் குறைந்திருக்கிறது என்று பொருள். உண்மையான வெள்ளை எழுத்துக் கார்டில் படத்தின் மஞ்சள் முழு வலுவோடு இருக்கும், எழுத்தில் மட்டுமே இருக்காது. இரண்டாவது ஆபத்து வெளுக்க வைத்த எழுத்து. லூப்பில் எழுத்தின் விளிம்பை ஒட்டி மஞ்சள் புள்ளிகளின் மிச்சம் தெரிந்தாலோ, அந்த இடத்தில் மட்டும் பளபளப்பு செத்திருந்தாலோ தொடாதீர்கள். கிரேடு செய்யாத மேன்டிலை வெள்ளை எழுத்து என்று நம்பி வாங்குவதை எந்த விலையிலும் பரிந்துரைக்க முடியாது.

ஒரு சீரிஸின் எண்களையும் பெயர்களையும் பட்டியலிட்டு, கையில் உள்ளதைக் குறித்துக்கொள்ள வைத்த செக்லிஸ்ட் கார்டுகளும் எண்ணிட்டவை, ஆகவே செட்டின் அங்கம். 107இல் 161ஆம் எண்ணுக்கு நேரே ஜிம் பர்டின் என்று ஒரு அச்சும், ஜான் பர்டின் என்று ஒரு அச்சும் உண்டு. இரண்டும் உள்ளே. இவற்றில் பேனாக் குறி விழாத பிரதி தேடுவதுதான் பாடு. குறி இருந்தால் பிஎஸ்ஏ கிரேடோடு எம்கே (குறி விழுந்தது) என்ற குறிப்பும் சேரும், ரெஜிஸ்ட்ரி கணக்கில் 2 புள்ளி குறையும். எம்கே குறிப்புள்ள 8, குறிப்பில்லாத 6க்குச் சமம். 412 செக்லிஸ்டில் மேன்டிலின் முகம் இருப்பதால் அவருடைய கார்டுகளுக்கு மட்டுமான தனி வீரர் மாஸ்டர் செட்டிலும் அதைச் சேர்ப்பதே சரி. ஒரே ஸ்லாப் உங்களுடைய இரண்டு செட்களிலும் கணக்கில் வரும், இன்னொன்று வாங்க வேண்டாம்.

பாக்கெட்டில் கூடவே வந்த டெக்கிள் எட்ஜ் (அலை அலையாக வெட்டிய விளிம்புள்ள) கார்டுகள் வெளியே. அவற்றுக்குச் சொந்த எண் வரிசை இருக்கிறது: 33 எண்கள், 11க்கும் 22க்கும் இரண்டு வீரர்கள் வீதம், மொத்தம் 35 கார்டுகள். எண் வரிசை தனி என்றால் செட்டும் தனி. கனடாவின் ஓ-பீ-சீ அச்சும் வெளியே. முன்பக்கம் ஒன்றுபோல் இருந்தாலும் அது 218 கார்டுகளோடு நின்றுவிட்ட வேறு செட்.

எண் வரிசையை இவ்வளவு நம்பலாமா என்று கேட்பவர்கள் கௌடி நிறுவனத்தின் 1933 பேஸ்பால் செட்டைக் காட்டுவார்கள். அதில் 240 எண்கள். 106 மட்டும் அந்த ஆண்டு வெளிவரவில்லை. 1934இல் நேப் லாஜுவே கார்டை அச்சிட்டு, கேட்டு எழுதியவர்களுக்குத் தபாலில் அனுப்பினார்கள். வடிவமைப்பும் ஆண்டும் வேறு என்றாலும் அந்த ஓட்டையை அடைக்கவே பிறந்த கார்டு அது. உள்ளே வைப்பதுதான் நியாயம். ஆனால் அது இல்லாதவர்களுக்காக 239 கார்டுகளின் பட்டியலும் தனியாக இருக்க வேண்டும்.

எது உள்ளே என்று முடிவான பிறகு எடை, அதாவது செட்டின் மதிப்பில் அந்தக் கார்டுக்கு உள்ள பங்கு. ஒவ்வொரு இடத்துக்கும் 1 முதல் 10 வரை எடை கொடுத்து, கிரேடை எடையால் பெருக்கிக் கூட்டி, மொத்த எடையால் வகுக்கிறார்கள். மூன்று கார்டுகளின் எடை 10, 1, 1 என்றும் கிரேடு 6, 9, 9 என்றும் வைத்துக்கொண்டால் மதிப்பு 6.5. எடை 1 உள்ள ஒரு கார்டு இல்லையென்றால் 5.75. எடை 10 உள்ளது இல்லையென்றால் 1.5. தகுதியில்லாத வேறுபாட்டைப் பட்டியலில் ஏற்றி, அரிது என்று பெரிய எடையும் கொடுத்தால் நேர்மையாகச் சேர்த்தவர்களின் மதிப்பு எப்படிச் சரியும் என்பது இதிலேயே தெரிகிறது.

கடைசிச் சிக்கல் லேபிள். ரெஜிஸ்ட்ரி கார்டைப் பார்ப்பதில்லை, சான்றிதழ் எண்ணுக்குப் பின்னால் பதிவான விவரத்தை மட்டுமே பார்க்கிறது. வெள்ளை எழுத்துக் கார்டே உள்ளே இருந்தாலும் லேபிளில் அது குறிக்கப்படவில்லையென்றால் மாஸ்டர் செட்டின் அந்த இடத்தில் ஏறாது. பழைய ஸ்லாப்களில் இது அடிக்கடி நேர்கிறது. வாங்கும் முன் சான்றிதழ் எண்ணைத் தட்டிப் பதிவைப் படியுங்கள். விவரம் இல்லையென்றால் லேபிள் திருத்தத்துக்கு அனுப்பும் செலவையும், போய்வரும் தபாலையும் காப்பீட்டையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள். வேறு நிறுவனத்தின் ஸ்லாபில் உள்ள கார்டு பிஎஸ்ஏ ரெஜிஸ்ட்ரியில் ஏறவே ஏறாது. அதை பிஎஸ்ஏ ஸ்லாபுக்கு மாற்ற அனுப்பும்போது குறைந்தபட்ச கிரேடை எழுதிக் கொடுத்தால், அது கிடைக்காத பட்சத்தில் பழைய ஸ்லாபை உடைக்காமல் திருப்பி அனுப்புவார்கள்.

பட்டியலில் இன்னும் தீர்ப்பு எழுதாமல் இருப்பவை மற்ற சீரிஸ்களின் செக்லிஸ்ட்கள். ஒவ்வொன்றிலும் குறைந்தது மூன்று பிரதிகளை அருகருகே வைத்து, பெயர்களை வரி வரியாக ஒப்பிட்ட பிறகே அந்தப் பத்தி நிரப்பப்படும்.