பிரேக் கன்ட்ரோலர் பொருத்தும்போது வெள்ளை வயரைக் கவனியுங்கள்

பிக்கப் டிரக்கில், பின்னால் இழுக்கும் டிரெய்லரின் மின்சார பிரேக்குகளை ஓட்டுநர் இருக்கையிலிருந்து இயக்கும் டிரெய்லர் பிரேக் கன்ட்ரோலரைப் பொருத்துகிறவர்களில் பலர், கருப்பு வயரையும் நீல வயரையும் வெகு கவனமாக இழுத்துவிட்டு, எர்த் வயரான வெள்ளை வயரை மட்டும் கைக்கு எட்டிய போல்ட்டில் முடுக்கிவிடுகிறார்கள். பிரேக் ஒரு நேரம் பிடித்து ஒரு நேரம் பிடிக்காமல் போகும் வண்டிகளில் நான் முதலில் பார்ப்பது எர்த் இணைப்பைத்தான்.

கன்ட்ரோலரில் வழக்கமாக நான்கு வயர்கள் இருக்கும். கருப்பு, பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்குத் தானாக மீளும் சர்க்யூட் பிரேக்கர் வழியாகச் செல்ல வேண்டும். நான்கு பிரேக் வரையிலான டிரெய்லருக்குப் பொதுவாக 20 ஆம்பியர் போதும். நீலம், பின்புறத்து ஏழு முனை சாக்கெட்டுக்குப் போய் டிரெய்லர் பிரேக்குகளுக்கு மின்சாரம் தருகிறது. சிவப்பு, ஸ்டாப் லைட் சுவிட்சில், பெடலை மிதித்தால் மட்டுமே மின்சாரம் வரும் பக்கத்தில் சேர வேண்டும். டெஸ்ட் லாம்பை வைத்து மிதித்துப் பார்த்தே அதை உறுதிசெய்ய வேண்டும். டாஷ்போர்டுக்கு அடியில் இதற்கென்றே சாக்கெட் உள்ள வண்டியாக இருந்தால், எந்த வயரையும் வெட்டாமல் அதற்குரிய ஹார்னஸை (பிளக்குடன் வரும் வயர்த் தொகுப்பை) வாங்கிச் செருகுவதே நல்லது.

வெள்ளை வயரை நேராக பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கே கொண்டுபோக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பெயின்ட் பூசிய தகட்டில் திருகிய எர்த், முதல் நாள் வேலை செய்தாலும், துரு ஏற ஏறத் தளர்ந்துவிடும்.

டிரெய்லர் பக்கத்து எர்த்துக்கும் இதே அக்கறை தேவை. டிரெய்லர் சக்கரத்தின் பிரேக்கை இயக்கும் மின்காந்தம் ஒன்று சுமார் 3 ஆம்பியர் இழுக்கும். நான்கு காந்தங்களுக்கு 12 ஆம்பியர். அந்த மின்சாரம் முழுவதும் திரும்பி வரும் பாதையில் வெறும் 0.1 ஓம் தடை இருந்தாலே 1.2 வோல்ட் அங்கேயே வீணாகி, காந்தத்தின் பிடி தளர்கிறது. டிரெய்லரை மாட்டும், கிரீஸ் தடவிய ஹிட்ச் பந்தை எர்த்தாக நம்பவே கூடாது. சாக்கெட்டின் வெள்ளை வயர் தடிமனாக, டிரக்கின் சுத்தமான எர்த்தோடு சேர்ந்திருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால், ஒருவர் கன்ட்ரோலரின் கை நெம்புகோலை முழுவதும் அழுத்திக்கொண்டிருக்க, மற்றவர் அச்சுக்கு அருகில் உள்ள வெள்ளை வயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்துப் பார்க்கலாம். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால், ஒவ்வொரு இணைப்பாகப் பிரித்துச் சுரண்டித் துடைத்து மீண்டும் முடுக்குவேன்.

வேகம் குறைவதை உணர்ந்து செயல்படும் வகைக் கன்ட்ரோலரை ஆடாமல், உற்பத்தியாளர் சொல்லும் கோணத்துக்குள் பொருத்த வேண்டும். பிறகு சமதளமான, ஈரமில்லாத, ஆள் நடமாட்டமில்லாத சாலையில், மணிக்கு சுமார் 40 கி.மீ. வேகத்தில் நெம்புகோலை அழுத்தி, சக்கரங்கள் பூட்டிக்கொள்ளும் நிலைக்குச் சற்றுக் கீழே கெயினை (பிரேக்குக்குப் போகும் மின்சாரத்தின் அளவை) வைக்கலாம். சுமை மாறினால் கெயினையும் மாற்ற வேண்டும். டிரெய்லர் கழன்றால் பிரேக் பிடிக்கச் செய்யும் பிரேக்அவே சுவிட்சைச் சோதிக்கும்போது, ஏழு முனை பிளக்கை முதலில் கழற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் டிரெய்லர் பேட்டரியின் மின்சாரம் நீல வயர் வழியாகப் பின்னோக்கி ஏறி, புதிய கன்ட்ரோலரையே எரித்துவிடக்கூடும்.