பெருங்காயம் படுத்திய பாடு

மார்ச் 8, சனி

சித்தி மகளுக்கு வளைகாப்பு. புளியோதரை, எலுமிச்சை, தேங்காய், தயிர் என்று இலை முழுக்கச் சோறுதான். "உனக்குப் பயமே இல்ல, நல்லா சாப்பிடு" என்றார் சித்தி. சாயங்காலமே வயிறு உப்பி, வாந்தி, பேதி. சமையல்காரருக்குப் போன் போட்டு, பெருங்காய டப்பாவைத் திருப்பிப் படிக்கச் சொன்னேன். கூட்டுப் பெருங்காயம். பிசினோடு கோதுமை மாவு. மற்றவர்களுக்கு ஒன்றும் செய்யாது. எனக்கு இருப்பது சீலியாக், கோதுமையிலுள்ள குளூட்டன் என்ற புரதம் சிறுகுடலைப் புண்ணாக்கும் நோய். அந்தக் கொஞ்ச மாவே தாராளம்.

மார்ச் 9, ஞாயிறு

அம்மா கைவைத்தியத்தை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். முதலில் பெருங்காயம் கரைத்த மோர். (வந்ததே அதனாலதாம்மா!) அடுத்து பார்லிக் கஞ்சி, பார்லியிலும் குளூட்டன் உண்டு. சரி, ஹார்லிக்ஸ்? அதில் கோதுமை, பார்லி இரண்டுமே. வயிறு கெட்டவருக்கு நம் வீடுகளில் பாசமாக நீட்டுவதில் பாதி எனக்கு ஆகாது.

உள்ளே போன குளூட்டனை எந்தக் கஷாயமும் வெளியே எடுக்காது. உடம்பில் நீரும் உப்பும் வற்றாமல் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். காய்ச்சி ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் தலைதட்டி 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. மடக்கு மடக்காகத்தான் குடிக்க வேண்டும், மொத்தமாகக் குடித்தால் திரும்பி வந்துவிடும். அதுவும் தங்காமல், சிறுநீரும் சரியாகப் போகாவிட்டால் வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது, டிரிப்ஸ் ஏற்ற ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

குமட்டலுக்குச் சுக்குவெந்நீர் கேட்டது. மில்லில் அரைத்த பொடி வேண்டாம், அதே மெஷினில் கோதுமையும் அரைத்திருப்பார்கள் என்றேன். முணுமுணுத்துக்கொண்டே உரலில் இடித்துக் கொடுத்தார்.

மார்ச் 10, திங்கள்

லீவு. நொய்க்கஞ்சி, உப்பு, கொஞ்சம் இளநீர். தலை மந்தமாகவே இருக்கிறது. காபிக்கு நாக்கு ஏங்கினாலும் பால் தொடவில்லை. சிறுகுடலின் உட்சுவர் புண்பட்டிருக்கும்போது பாலிலுள்ள லாக்டோஸைச் செரிக்கும் நொதியும் குறைந்துவிடும். அப்புறம் எது பாலால், எது கோதுமையால் என்றே தெரியாது.

மார்ச் 12, புதன்

குளூட்டனைச் செரிக்கவைக்கும் மாத்திரை என்று அண்ணன் ஒரு லிங்க் அனுப்பியிருக்கிறான். போட்டுக்கொண்டு பரோட்டா சாப்பிடலாமாம்! பத்தியத்துக்குப் பதிலாக அதை நம்ப நான் தயாரில்லை.

மத்தியானம் மிளகு, சீரகம், பூண்டு தட்டிப்போட்டு ரசம், பெருங்காயம் இல்லாமல். வயிறு ஏற்றுக்கொண்டது. "ஏதோ குறையுதே" என்று அப்பா மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அரிசி மாவு சேர்த்த பெருங்காயம் கடையில் கிடைக்கிறது. சித்தி வீட்டுக்கும் சேர்த்து இரண்டு டப்பா வாங்கிவரச் சொல்லியிருக்கிறேன்.