வலை பின்னும் இடத்தில் கூட்டம்

எண்ணூர் முகத்துவாரத்தில் சினை நண்டையும் குஞ்சு மீனையும் பிடித்தால் திரும்ப விடச் சொல்லும் குழு எங்களுடையது. முதல் கூட்டத்தை ஞாயிறு காலை 10 மணிக்கு வைத்தேன். வந்தது 7 பேர். அந்த நேரத்தில் கடலுக்குப் போய் வந்தவர்கள் தூங்குவார்கள், அக்காக்கள் மார்க்கெட்டில் இருப்பார்கள். நான்தான் யோசித்திருக்க வேண்டும்.

அப்புறம் சாயங்காலம், வலை பின்னும் இடத்துக்கே போனோம். ஒரு அண்ணன் சினை நண்டைக் கவிழ்த்துக் காட்டினார். வயிற்று மடலுக்கு அடியில் ஆரஞ்சு நிறத்தில், ரவையை அப்பின மாதிரி முட்டைகள். பொரியும் நாள் நெருங்கினால் கறுத்துவிடும் என்றார். பிள்ளைகள் முண்டியடித்தார்கள். அவர்களைக் கூப்பிட வந்த அம்மாக்களும் உட்கார்ந்துவிட்டார்கள். அன்றைக்கே 11 பேர் பெயர் கொடுத்தார்கள்.

2023 டிசம்பரில் எண்ணெய் கசிந்து ஆறு கறுத்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் நாங்கள். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். அடுத்த கூட்டம் அப்போது, காசிமேட்டில். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாங்க.