மொறிஸ் மைனரின் இடப்பக்கச் சிக்னல்

எங்கள் மொறிஸ் மைனர் கார் அறுபதுகளின் நடுப்பகுதியில் வந்த வண்டி. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராத காலத்தில் மண்ணெண்ணெயிலும் ஓடியது. எஞ்சின் இன்னும் சொல்வழி கேட்கிறது. சிக்னல்தான் படுத்தியது. வலப்பக்கம் ஒழுங்காக மினுங்கும். இடப்பக்கம் போட்டால் சோம்பிச் சோம்பி மினுங்கும், சில நேரம் எழும்பவே எழும்பாது.

“பிளாஷரை மாத்துங்கோ அண்ணை” என்றுதான் கேட்டவர்கள் எல்லோரும் சொன்னார்கள். வலப்பக்கம் நன்றாக மினுங்கும்போது அதை ஏன் மாற்றவேண்டும்? சிக்னலை விட்டுவிட்டு எரியவைக்கும் பிளாஷர் இரண்டு பக்கத்துக்கும் பொது. அதற்கு மின் கொடுக்கும் ஏ3–ஏ4 என்று குறித்த பியூசிலேயே பிரேக் லைற்றும் வைப்பரும் இருக்கின்றன, அவையும் சரி. அப்படியென்றால் பிழை சுவிச்சிலோ அதற்குப் பிறகு இடப்பக்கம் போகும் பாதையிலோதான். இன்னொன்றும் உண்டு. இந்த வண்டிகளில் பற்றரியின் நேர்முனைதான் போடியில் பூட்டியிருக்கும், அதுதான் எர்த். இன்று கடையில் கிடைக்கும் இலத்திரனியல் பிளாஷர்கள் பெரும்பாலும் எதிர்முனை எர்த்துக்குச் செய்தவை. அவசரப்பட்டு வாங்கிப் பூட்டினால் அது கருகிப்போகலாம்.

பழைய பிளாஷருக்குள் இருப்பது சூட்டில் நீளும் ஒரு மெல்லிய கம்பி. முன்னும் பின்னும் 21 வாட் பல்பு இரண்டும் சேர்ந்து இழுக்கும் மூன்றரை ஆம்பியர் ஓட்டத்தில்தான் அது ஒழுங்காகச் சூடேறும். வழியில் எங்காவது துரு ஓட்டத்தைக் குறைத்தால் கம்பி தடுமாறும். எல்இடி பல்பு போட்டதும் சிக்னல் மினுங்க மறுப்பதும் இதனால்தான்.

சாவியைப் போட்டபடி நெடுநேரம் சோதிக்க வேண்டியிருந்ததால், முதலில் பிளக்குக்குப் பொறி கொடுக்கும் கொயிலுக்குப் போகும் வெள்ளை வயரைக் கழற்றிவிட்டேன். இல்லாவிட்டால் கொயில் சூடாகிக் கெட்டுப்போகலாம். பிறகு பிளாஷரில் மின் உள்ளே வரும் பி முனையையும் லைற்றுகளுக்கு வெளியே போகும் எல் முனையையும் ஒரு துண்டு வயரால் இணைத்தேன். லைற் மினுங்காமல் நின்று எரிந்தால்தான் மீற்றரில் அளவு பார்க்கலாம். பல்பைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் எந்த வயரிலும் 12 வோல்ற் காட்டும். நாலு இழையில் தொங்கும் வயர்கூட நல்ல வயர் போலத் தெரியும். பல்பு எரிகிறபோது அளப்பதுதான் அளவு.

சுவிச்சுக்குள் போகும் வெளிர்பச்சை–மண்ணிற வயரில் பன்னிரண்டுக்கு மேல் இருந்தது. இடப்பக்கத்துக்கு வெளியே வரும் பச்சை–சிவப்பில் ஒன்றரை வோல்ற் குறைவு. ஸ்டியரிங் தண்டுக்குக் கீழே இரண்டையும் நேரடியாகத் தொடுத்ததும் முன் சிக்னல் லைற் பளிச்சென்று எரிந்தது. பின் சிக்னல் லைற் மட்டும் இன்னும் மங்கல்.

சுவிச்சைக் கழற்றிப் பார்த்தேன். ஸ்டியரிங் திரும்பும் ஒவ்வொரு தடவையும் உரசி உரசி, பச்சை–சிவப்பு வயரின் உறை ஓரிடத்தில் தேய்ந்திருந்தது. உள்ளே செப்பிழைகள் பாசிநிறத்தில் களிம்பேறி, பெரும்பாலானவை அறுந்திருந்தன. விரலால் தொட்டதும் இன்னும் இரண்டு உதிர்ந்தன. களிம்பு பிடித்த செப்பில் ஈயம் ஒட்டாது. அதனால் பளபளப்பான செம்பு தெரியும் இடம்வரை வெட்டி, அதே தடிப்பில் புதுத்துண்டு வைத்து ஒட்டினேன். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பி, வயர் இறுகாதபடி கொஞ்சம் தளர்வு விட்டுக் கட்டினேன்.

பின்லைற்றுக்கு மீற்றரின் ஒரு முள்ளைப் பல்புக் கூட்டிலும் மற்றதைப் பற்றரியின் நேர்முனையிலும் வைத்தேன். பூச்சியமாக இருக்கவேண்டிய இடத்தில் கிட்டத்தட்ட இரண்டு வோல்ற். யாரோ போடிக்குப் பெயின்ற் அடித்தபோது எர்த் தொடும் இடத்துக்கும் சேர்த்து அடித்திருக்கிறார்கள். அதைச் சுரண்டி, கூட்டின் துருவையும் தேய்த்து, கொஞ்சம் வசிலின் பூசிப் பூட்டினேன். மீற்றர் ஒரு வோல்ற்றில் பத்திலொன்றுக்கும் கீழே இறங்கியது.

பி, எல் இணைப்பை எடுத்துவிட்டுச் சிக்னலைப் போட்டேன். இரண்டு பக்கமும் ஒரே வேகம், அதே பழைய பிளாஷர். வெள்ளை வயரைத் திரும்பக் கொயிலில் பூட்ட மறந்துவிடாதீர்கள், வண்டி ஸ்ராட் ஆகாது.