தியாக சிகரத்தில் சிவப்புப் பென்சில்

பொன்னியின் செல்வன் ஐந்தாம் பாகத்துக்குக் கல்கி வைத்த பெயர் ‘தியாக சிகரம்’. அந்தச் சிகரத்தில் உண்மையில் நிற்பது யார் என்று பார்க்கத்தான் இந்தமுறை வாசிப்பு. ஒரு சி.ஆர். கொப்பி (தடித்த மட்டை போட்டது) எடுத்து மூன்று நிரல் கீறினேன்: என்ன இழந்தார், யாருக்காக, திரும்பக் கிடைத்ததா. கடைசி நிரலில் ‘இல்லை’ என்று வந்தால் சிவப்புப் பென்சில்.

அந்தக் கடைசி நிரல் மாமியால் வந்தது. “அருண்மொழி முடியைக் குடுத்தவர், சரி. பிறகு எடுத்திட்டார்தானே?” என்று கேட்டுவிட்டு முருங்கையிலை உருவப் போய்விட்டார். அருண்மொழி, அதாவது பிற்கால ராஜராஜ சோழன், முடிசூடியது 985இல், கதை முடிந்து கனகாலத்துக்குப் பிறகு. ஆனாலும் கேள்வி நியாயம். திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்வதும் அதுதான்: குடிகள் வேண்டியும், சிற்றப்பன் உத்தம சோழனுக்கு நாட்டில் ஆசை உள்ளவரை அவர் அரசை விரும்பவில்லையாம். ‘உள்ளவரை’! அருண்மொழிக்குச் சிவப்பு இல்லை.

மந்தாகினிக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அருண்மொழியின் தந்தை சுந்தர சோழரைக் குறிவைத்து எறியப்பட்ட வேலைத் தன் உடம்பில் வாங்கிச் சாகிறாள். வாய் பேசாதவள், வசனம் எழுதக் கல்கிக்கு இடமே இல்லை. சோழநாட்டுத் தனாதிகாரி பெரிய பழுவேட்டரையருக்குக் கேள்விக்குறி. அருண்மொழியின் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது நானே என்று சொல்லித் தன்னையும் முடித்துக்கொள்வது தியாகமா, பரிகாரமா?

கனநேரம் நின்றது கடம்பூர்ச் சிற்றரசர் மகள் மணிமேகலையிடம். முதலில் கதாநாயகன் வந்தியத்தேவனிடம் அவளைப் புகழ்ந்து ஆசை மூட்டியவனே அண்ணன் கந்தமாறன். பெரிய இடம் ஒன்று தெரிந்ததும் ‘அவளை மறந்துவிடு’ என்கிறான். கடம்பூரில் அவளுக்கு மாப்பிள்ளை மாறிக்கொண்டே இருக்கிறார், அவளை ஒருவரும் கேட்பதில்லை. அப்படிப்பட்டவள் வந்தியத்தேவனைக் காப்பாற்ற, கரிகாலன் கொலையைத் தான் செய்ததாகச் சொல்கிறாள். நான் பார்த்தவரை அவள் தானாக எடுத்த பெரிய முடிவு அந்தப் பொய் ஒன்றுதான். அதற்கு விலை அவள் புத்தி, பிறகு உயிர். ‘மலர் உதிர்ந்தது!’ என்று கடைசி அத்தியாயத்தையே கல்கி அவளுக்குக் கொடுத்திருக்கிறார். பாகத்தின் பெயர் இளவரசருக்கு என்றாலும், கதையை மூடுவது இவள்.

அடுத்தது இரண்டாம் பாகம். யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாற்று முகத்துவாரம் வரும் இடங்களை, அங்குள்ள செல்வச்சந்நிதி முருகன் கோயிலுக்குப் போகும் ஒரு வெள்ளிக்கிழமை, ஆற்றங்கரையில் இருந்தே வாசிக்க எண்ணம். பெரிய பழுவேட்டரையரின் இளைய ராணி நந்தினிக்குக் கொப்பியில் இன்னும் வரி போடவில்லை. போடவே கூடாது என்கிறார் மாமி.