ரேடியேட்டர் கசிவு: ஒரே ஓட்டைக்கு 300 ரூபாயும் 14,800 ரூபாயும்

கார் நின்ற இடத்தில் தரையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. ஆனாலும் ரிசர்வ் டேங்கில், இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்ட் மட்டும் வாரத்துக்கு வாரம் இறங்கிக்கொண்டே வந்தது. ரேடியேட்டரில் மெல்லிய கசிவு என்றால் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். இன்ஜின் சூடாகி உள்ளே அழுத்தம் ஏறும்போது மட்டும் கசியும். கசிந்தது சூட்டிலேயே காய்ந்துவிடும். கீழே ஈரம் இல்லையே என்று நிம்மதியாக இருந்தால், ஒரு நாள் நெடுஞ்சாலையில் இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொடும்போதுதான் விஷயம் தெரியவரும்.

எங்களுடையது எட்டு வருடம் ஓடிய சிறிய பெட்ரோல் கார். பொங்கல் முடிந்து எல்லோரும் ஊர் திரும்பும் நாளில் மதுரையிலிருந்து திருச்சிக்கு வந்துகொண்டிருந்தோம். ஓடும்வரை முள் நடுவிலேயே நின்றது. சுங்கச்சாவடி வரிசையில் வண்டி ஊரத் தொடங்கியதும் மேலே ஏறியது. ஓடும்போது காற்றே ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடும். நின்றால் முழுச் சுமையும் ஃபேன் தலையில். கூலண்ட் குறைந்திருந்தால் ஃபேன் மட்டும் என்ன செய்யும்? ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் திருப்பி, கண்ணாடிகளை இறக்கிவிட்டேன். இன்ஜின் சூட்டில் ஒரு பங்கை ஹீட்டர் வாங்கிக்கொள்ளும். சாவடியைத் தாண்டியதும் ஓரம் கட்டி இன்ஜினை அணைத்தேன்.

அந்த நேரத்தில் ரேடியேட்டர் மூடியில் கை வைக்கவே கூடாது. ஆவி அடங்காத பிரஷர் குக்கரைத் திறப்பதற்குச் சமம் அது. எங்கள் காரின் மூடியில் 1.1 என்று அச்சிட்டிருக்கிறது. பார் என்ற அழுத்த அலகில் அதுதான் உள்ளே தாங்கும் அழுத்தம். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீரே 120 டிகிரியைத் தாண்டித்தான் கொதிக்கும். மூடியைத் திறந்த கணத்தில் அழுத்தம் போய்விடும், உள்ளே இருப்பது மொத்தமும் கொதித்து முகத்தில் பீய்ச்சும். ரேடியேட்டரின் மேல் ஹோஸை, அதாவது ரப்பர் குழாயை, வெறும் கையால் பிடிக்க முடிகிற அளவுக்கு ஆறும்வரை நாங்கள் காத்திருந்தோம்.

விராலிமலை அருகே ஒரு மெக்கானிக் வந்து பார்த்தார். கேன் தண்ணீரை ஊற்றிவிட்டு, "இந்தப் பவுடரைப் போட்டுவிடலாம் சார், 300 ரூபாய்தான், ஓட்டை தானாக அடைபட்டுவிடும்" என்றார். வேண்டாம் என்றேன். ஓட்டையை அடைக்கிற பவுடருக்கு எது ஓட்டை, எது குழாய் என்று தெரியாது. ரேடியேட்டருக்குள் இருக்கும் குழாய்கள் தட்டையானவை, மிகக் குறுகலானவை. ஹீட்டருக்குள் இருப்பவையும் அப்படித்தான். வழியில் வேறு கதியே இல்லாதவர்கள் போட்டால் அது அவர்கள் நிலைமை. வீடு பக்கத்தில் இருக்கும்போது அதைப் போடுவது பணத்தைக் கொடுத்து அடைப்பை வாங்குவது. முள்ளைப் பார்த்தபடி மெதுவாக ஓட்டி, இடையில் ஒருமுறை நிறுத்தி ஆறவிட்டு வீடு வந்து சேர்ந்தோம்.

மறுநாள் கம்பெனி சர்வீஸ் மையத்தில் விட்டேன். மாலையில் வந்த மதிப்பீடு 14,800 ரூபாய். புது ரேடியேட்டர், இரண்டு ஹோஸ்கள், கூலண்ட் சூடானதும் திறந்து வழிவிடும் வால்வான தெர்மோஸ்டாட், கூலண்ட், கூலி. எங்கே கசிகிறது என்று கேட்டேன். "ரேடியேட்டர் ஏரியாவில்தான் சார்" என்பதுதான் பதில். உள்ளே காற்றழுத்தம் கொடுத்துக் கசிவைக் கண்டுபிடிக்கும் பிரஷர் டெஸ்ட் செய்யவில்லை. பாகங்களின் விலையில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் ஓட்டை எது என்று விரல் வைத்துக் காட்டாமல் ஐந்து பாகங்களுக்கு விலை போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. கூலண்ட் ஹோஸிலும் போகலாம், வாட்டர் பம்பிலும் போகலாம், மூடியின் ரப்பர் தேய்ந்தும் போகலாம். எல்லாவற்றையும்விட மோசம், இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கட் போய், கூலண்ட் இன்ஜினுக்குள்ளேயே எரிந்துகொண்டிருக்கலாம். அப்படியானால் 14,800 ரூபாய்க்குப் புது ரேடியேட்டர் போட்டும் வண்டி மறுபடியும் சூடாகும்.

காப்பீட்டில் கிடைக்குமா என்றும் கேட்டுப் பார்த்தேன். மோதி உடைந்தால் உண்டு, தேய்மானத்தில் கசிந்தால் கிடையாது.

அதன்பிறகு ரேடியேட்டர் வேலை மட்டுமே செய்யும் ஒரு பழைய கடைக்குப் போனேன். கடைக்காரர் முதலில் இன்ஜின் ஆயில் மூடியைத் திறந்து உள்பக்கத்தைப் பார்த்தார். ஆயிலில் கூலண்ட் கலந்திருந்தால் தெரியும் பால் கலந்த காபி நிறத்தில் ஏதும் ஒட்டியிருக்கவில்லை. இன்ஜினை ஓடவிட்டு ரேடியேட்டர் வாயில் குமிழ் வருகிறதா என்று பார்த்தார், இல்லை. சைலன்சரில் வெள்ளைப் புகையும் இல்லை. ஹெட் கேஸ்கட் பிழைத்திருக்கிறது என்று அவர் சொன்னபோதுதான் எனக்கு மூச்சே வந்தது. அதில் கை வைத்தால் ஹெட்டைக் கழற்றி, வளைந்திருந்தால் லேத்தில் சீவி, மறுபடி பூட்ட வேண்டும். ரேடியேட்டர் செலவெல்லாம் அதன் முன் ஒன்றுமே இல்லை.

பிறகு மூடியைக் கழற்றி, அந்த இடத்தில் ஒரு கைப் பம்பைப் பொருத்தி, 1.1 பார் வரை காற்றடித்தார். பம்பில் அழுத்தத்தைக் காட்டும் முள் நின்றது, சற்று நேரத்தில் நடுங்கியபடி இறங்கத் தொடங்கியது. டார்ச்சை வாங்கி நானே குனிந்து பார்த்தேன். மேலே கறுப்பு பிளாஸ்டிக் டேங்க், கீழே குழாய்களும் தகடுகளும் கொண்ட அலுமினிய கோர், இரண்டுக்கும் நடுவே அலுமினியப் பற்களை மடித்து இறுக்கிய விளிம்பு. அதன் வலது மூலையில் வெளிறிய பச்சையில் உப்புப் பூத்ததுபோல ஒரு கறை. அந்தக் கறையின் நடுவிலிருந்து ஒரு துளி திரண்டு, ஓரமாக வழிந்து இறங்கியது. சர்வீஸ் மையத்தில் கேட்டும் கிடைக்காத பதில் அந்தத் துளிதான். இந்தச் சோதனைக்கு அவர் வாங்கியது 200 ரூபாய்.

பழைய பித்தளை, செம்பு ரேடியேட்டர் என்றால் ஈயம் வைத்துப் பற்றவைத்திருப்பார்கள். அலுமினியமும் பிளாஸ்டிக்கும் சேர்ந்த இன்றைய ரேடியேட்டரில் அது நடக்காது. மேலே எம்-சீல் பூசினாலும் சூட்டுக்கும் அழுத்தத்துக்கும் பெயர்ந்துவிடும் என்றார். டேங்கையும் ரப்பரையும் மட்டும் மாற்ற 1,800 ரூபாய் கேட்டார். ஆனால் அவரே கோரின் அடிப்பக்கத்தை விரலால் தடவிக் காட்டினார். தகடுகள் மாவாக உதிர்ந்தன. ஒருமுறை விரித்த பற்களை மறுபடி மடித்தால் பழைய பிடிப்பும் இருக்காது. அப்படிப்பட்ட கோருக்கு 1,800 செலவழிப்பதைவிடப் புதிதாகவே போட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன்.

கம்பெனி முத்திரை இல்லாத, ஆனால் பில்லும் ஆறு மாத உத்தரவாதமும் உள்ள ரேடியேட்டர் 3,900 ரூபாய். மூடி 250. கீழ் ஹோஸ் அமுக்கினால் விறைத்து வெடிப்பு காட்டியதால் அதற்கு 420, கிளாம்புக்கு 40. மேல் ஹோஸ் நன்றாக இருந்தது, மாற்றவில்லை. தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வெந்நீரில் போட்டுப் பார்த்தார், சரியாகத் திறந்தது, அதையும் மாற்றவில்லை. கூலண்ட் 640, டிஸ்டில்டு வாட்டர் 100, கூலி 700. பில்லில் பாகங்களுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்தே இருந்தது. 2025 செப்டம்பர் 22க்கு முன்பு பெரும்பாலான உதிரிபாகங்களுக்கு இது 28 சதவீதம். மதிப்பீடு வாங்குகிறவர்கள் பழைய விகிதத்தில் கணக்குப் போட்டிருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

கூலண்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி. போர் தண்ணீர் ஊற்றவே கூடாது என்பதில் அவர் கறாராக இருந்தார். கடினநீரில் உள்ள உப்பு உள்ளே படிந்து குழாயை அடைக்கும், அலுமினியத்தையும் அரிக்கும். ஊற்றி முடித்தும் வேலை முடியவில்லை. மூடியைத் திறந்தே வைத்து, ஹீட்டரைப் போட்டு, ஃபேன் ஓடி நிற்கும்வரை இன்ஜினை ஓடவிட்டார். உள்ளே சிக்கியிருந்த காற்று குமிழ் குமிழாக வெளியேற, மட்டம் இறங்க இறங்க ஊற்றினார். இதை அவசரமாகச் செய்தால் காற்று உள்ளேயே தங்கி, புது ரேடியேட்டரிலும் முள் ஏறும். கடைசியில் மீண்டும் பம்பைப் பொருத்தி 1.1 வரை அடித்தார். நாங்கள் டீ குடித்துவிட்டு வந்து பார்த்தபோதும் பம்பின் முள் அசையாமல் அங்கேயே நின்றது.

வடித்த பழைய கூலண்டை ஓரத்துச் சாக்கடையில் ஊற்றப் போன பையனைத் தடுத்து, கேனில் பிடித்து மூடி வைக்கச் சொன்னேன். கூலண்டில் உள்ள எத்திலீன் கிளைகால் இனிப்பாக இருக்கும். தெருநாய் நக்கினால் சிறுநீரகம் போய்ச் சாகும்.

சோதனைக்கான 200 ரூபாயையும் சேர்த்து மொத்தக் கணக்கு 6,250 ரூபாய். பழைய ரேடியேட்டரை அலுமினிய எடைக்கு எடுத்துக்கொண்டு அதில் 350 கழித்தார். நான் கொடுத்தது 5,900.